நிற்கவைத்துப் பார்க்காத நோயாளி

ஓர் ஆண் நோயாளியை நிற்கவைத்துப் பரிசோதித்து எத்தனை நாளாகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, "படுங்க, வேட்டியத் தளர்த்துங்க, இருமுங்க, சரி எந்திரிங்க" என்று ஒரே நிமிடத்தில் முடித்து அனுப்புகிறவர்கள்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். போடிநாயக்கனூரில் பதினைந்து படுக்கை கொண்ட சின்ன மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை செய்தே காலத்தை ஓட்டிவிட்டு, போன வருடம்தான் கத்தியைக் கீழே வைத்தேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேச எனக்கும் ஆசை உண்டு. ஆனால் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

செல்லப்பாண்டிக்கு ஊர் ராசிங்காபுரம். வேலை போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில். பறித்த பச்சைக் காயை விறகு எரித்து வெப்பக் காற்றில் உலர்த்தும் கூடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில்தான் அவன் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியும் வீட்டில் விசேஷம் இல்லை என்றதும், "ஸ்டோர் சூட்டில் கிடந்தால் ஆம்பிளைக்கு உள்ளே இருப்பது வெந்துபோகும்" என்று மலையில் எல்லோரும் சொல்லும் பேச்சைக் கேட்டு, அவன் அம்மா அவனை அங்கிருந்து கிளப்பி மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். சூடு ஆகாது என்பதில் அந்த அம்மாள் சொன்னது ரொம்பவும் சரி. ஆனால் மாற்றிவிட்ட வேலைதான் சனியனாக வந்து சேர்ந்தது.

மூட்டை தூக்க ஆரம்பித்த நாலைந்து மாதத்தில் அவன் என்னிடம் வந்தான். சாயங்காலமானால் இடது பக்கம் விதைப்பையில் கனத்து இழுக்கிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது என்றான். மூட்டை தூக்குகிறவன் என்றதும் என் மனசு நேராகக் குடலிறக்கத்துக்கு ஓடிவிட்டது. படுக்கவைத்தேன். இருமச் சொன்னேன். ஒன்றும் இல்லை. "பாரம் தூக்குனா வலிக்கத்தான் செய்யும். இறுக்கமா உள்ளாடை போட்டுக்க" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன். படுத்தால் சரியாகிவிடுகிறது என்று நோயாளி தன் வாயாலேயே நோயைச் சொல்லியிருக்கிறான், நான் அவனைப் படுக்கவைத்து அதைத் தேடியிருக்கிறேன். கதவருகே போனவன் திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்தான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

மூன்று வருடம் போயிற்று. இந்த மூன்று வருடத்தில் அவன் மனைவி ஈஸ்வரி பட்ட பாட்டைக் கேளுங்கள். வயிற்றில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, நாட்டு மருந்து, விரதம், மண்சோறு. பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போனால் பின்வரிசையில் உட்கார வேண்டும். எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்றே வந்தது. நன்றாக இருக்கிறது என்று வந்ததாலேயே இன்னொரு பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். புருஷனை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

கடைசியில் அவள் எங்கள் மருத்துவமனையின் மகப்பேறு டாக்டரம்மாவிடம் வந்தாள். வயதில் என்னைவிட நாலு வருடம்தான் பெரியவர். ஆனால் இந்த ஊரில் நான் பயந்த ஒரே ஆள் அவர்தான். ஈஸ்வரியின் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இந்தப் பிள்ளைய இனிமே ஒருத்தரும் தொடக் கூடாது. புருஷனோட விந்துப் பரிசோதனை வரட்டும்" என்று சொல்லிவிட்டார். செல்லப்பாண்டி வெட்கப்பட்டுக்கொண்டு நேரில் வரவில்லை. மருந்து பாட்டில் ஒன்றில் மாதிரியை எடுத்து, தோட்டத்து ஜீப்பு டிரைவரிடம் கொடுத்துவிட்டான். அத்தனை கொண்டை ஊசி வளைவும் குலுங்கி, வழியில் இரண்டு இடத்தில் லோடு இறக்கி, மூன்று மணி நேரம் கழித்து அது வந்து சேர்ந்தது. அதில் உயிரோடு ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இது பரிசோதனைக்கு வந்ததா, சந்தைக்கு வந்த மோரா?" என்று கேட்டு அந்த முடிவைக் கிழித்துப் போட்டார். ஒருமணி நேரத்துக்குள் கைக்கு வராத மாதிரியை வைத்து ஒரு மனிதனின் தலையெழுத்தை எழுதாதீர்கள்.

அவன் நேரில் வந்து கொடுத்த இரண்டு மாதிரிகளிலும் உயிரணுக்கள் இருந்தன. ஆனால் எண்ணிக்கை குறைவு, நீந்தும் தெம்பும் குறைவு. டாக்டரம்மா அந்த முடிவோடு ஒரு பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். பிளாஸ்டிக் கவரில் அவன் பத்திரமாக வைத்திருந்த சீட்டு அது. கையெழுத்து என்னுடையது.

"இவரை நீங்க ஏற்கெனவே பாத்திருக்கீங்க. படுக்க வச்சுப் பாத்தீங்களா, நிக்க வச்சுப் பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் மூக்குக்கு மேல் கோபம் வருவது ஊரறிந்த விஷயம். "நாப்பது பேரைப் பாக்குற ஓ.பி.யில நிக்க வச்சு ஊர்வலமா நடத்த முடியும்?" என்று எகிறினேன். அவர் கதவைத் திறந்து செல்லப்பாண்டியை உள்ளே அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

நிற்கவைத்தேன். தொடுவதற்கு முன்பே தெரிந்தது. இடது பக்கம் தொங்கி, தோலுக்கு அடியில் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பது போல நாளங்கள். மூச்சை அடக்கி முக்கச் சொன்னதும் இன்னும் புடைத்தன. படுக்கவைத்தேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் வடிந்து, மூன்று வருடத்துக்கு முன்னால் என் கைக்குக் கிடைத்த அதே வெறுமை. வேரிகோசீல். மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகூட நிற்கவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதி மதிப்பெண் வாங்கும்.

அவனை உட்காரவைத்து விளக்கினேன். விதையிலிருந்து கெட்ட ரத்தம் மேலே ஏற வேண்டும். திரும்பி இறங்காமல் இருக்க நாளத்துக்குள் சின்னச் சின்ன அடைப்பான்கள் உண்டு. அவை பழுதானால் வெதுவெதுப்பான ரத்தம் கீழேயே தேங்கிவிடும். விதைக்கு உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி தேவை, அதனால்தான் அது வெளியே தொங்குகிறது.

"நீ ஸ்டோர விட்டு வந்துட்ட. ஆனா உனக்குள்ளயே ஒரு ஸ்டோரு ராப்பகலா ஓடிக்கிட்டு இருக்கு. மூட்டை தூக்குனா இன்னும் கொஞ்சம் விறகு போட்ட மாதிரி" என்றேன்.

அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அப்ப அடுப்ப அணைச்சா சரியாயிருமா சார்?"

"சரியாக வாய்ப்பு நல்லா இருக்கு. உறுதின்னு சொல்ல மாட்டேன்."

இது இருக்கிற எல்லோரையும் அறுக்க ஓடாதீர்கள். இதோடு நாலு பிள்ளை பெற்றவர்கள் போடி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். கையால் தொட்டாலே தெரிகிற அளவு வீக்கம், பரிசோதனையில் குறைவு, மனைவியிடம் கோளாறு இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் குழந்தைக்காக அறுவைச் சிகிச்சை. இவனுக்கு மூன்றும் இருந்தன, வலியும் இருந்தது.

அடுத்து நான் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "மூணு வருஷத்துக்கு முந்தி நீ வந்தப்பவே நான் இதைக் கண்டுபிடிச்சிருக்கணும். ஒழுங்கா பாக்கலை. தப்பு என்னுது."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பெருசாப் படல சார். எம் பொண்டாட்டிதேன் பேச்சு வாங்குனா" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அவனும் ஒரு நிபந்தனை போட்டான். வீட்டில் யாருக்கும் இது என்ன ஆபரேஷன் என்று தெரியக் கூடாது, குடலிறக்கம் என்று சொல்லிவிட வேண்டும். "நான் பொய் சொல்ல மாட்டேன், ஒண்ணும் சொல்லாம வேணா இருக்கேன்" என்றேன். ஈஸ்வரிக்கு மட்டும் அவனே சொன்னான். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

எங்களிடம் அறுவைக்கான நுண்ணோக்கி கிடையாது. கண் டாக்டரிடம் போய் அவருடையதைக் கேட்டேன். "என் மைக்ராஸ்கோப்புல இதுவரைக்கும் கண்ணைத்தான்யா பாத்திருக்காங்க. நீ எங்கெங்கயோ பாக்கக் கேக்குற" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அறுவை முறையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு மூன்று நிமிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீங்கிய நாளங்களைக் கட்ட வேண்டும், ஆனால் அவற்றுக்கு நடுவே நூல் போல ஓடும் தமனியைத் தொடக் கூடாது. அதைக் கட்டிவிட்டால் விதையே சுருங்கிப் போகலாம். துடிப்பதை வைத்துத்தான் அதை அடையாளம் காண வேண்டும். அன்றைக்கு ஒன்றுமே துடிக்கவில்லை. கை பட்டதில் தமனி இறுகிப் போயிருந்தது. என் முன்னால் ஒரே மாதிரி இரண்டு குழாய். ஒன்று நாளம் என்று என் அனுபவம் அடித்துச் சொன்னது, நூலைக்கூட அதன் அடியில் கோத்துவிட்டேன்.

அப்போதுதான் நினைத்தேன், மூன்று வருடத்துக்கு முன்னாலும் இதே அனுபவம்தான் ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னது. நூலை விட்டேன். வெதுவெதுப்பான சலைனை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னாச்சு?" என்றார். "காத்திருக்கேன்" என்றேன். மூன்றாவது நிமிடம் இரண்டில் ஒன்று மெதுவாகத் துள்ளியது. நான் நூல் கோத்திருந்த அதே குழாய். நூலை மெதுவாக உருவி எடுத்தேன். வேகமாகக் கட்டிய எந்த முடிச்சையும்விட, கட்டாமல் விட்ட அந்த ஒரு முடிச்சுக்காகத்தான் இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

மறுநாளே வீட்டுக்குப் போனான். பாரம் தூக்கக் கூடாது என்பதால், தோட்டத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தான். கூட வேலை செய்தவர்கள் "செல்லம்மா" என்று கூப்பிட்டுக் கிண்டல் அடித்தார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தோம். எண்ணிக்கை கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அவன் முகம் சுண்டிவிட்டது, உள்ளுக்குள் எனக்கும்தான். புதிய உயிரணு உருவாகி வரவே இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். "ஏலத்தோட்டத்துல மொதக் காயெடுப்ப வச்சா விளைச்சல முடிவு பண்ணுவ? ஆறு மாசம் ஆகட்டும்" என்று அனுப்பினேன்.

ஆனால் ஆறு மாதம் காத்திருக்க அவன் அம்மா தயாராக இல்லை. அடுத்த வாரமே ஒரு மத்தியானம் என் அறைக்குள் ஒரு குடும்பமே நுழைந்தது. முன்னால் அந்த அம்மாள், பெயர் ராக்கம்மாள். பக்கத்தில் அவருடைய தம்பி, அதாவது செல்லப்பாண்டியின் தாய்மாமன். பின்னால் செல்லப்பாண்டி. கதவோரம் ஈஸ்வரியும் அவளுடைய அப்பாவும். விஷயம் தெரிந்து டாக்டரம்மாவும் வந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

"டாக்டரய்யா, சுத்தி வளைக்காமச் சொல்றேன்" என்றார் ராக்கம்மாள். "எந்தம்பி மகள எம் மகனுக்குக் கேட்டிருக்கோம். வர்ற வெள்ளிக்கெழம பூ வைக்கிறோம். டாக்டரம்மா எழுத மாட்டேன்னுட்டாக, நீங்களாச்சும் இந்தப் பிள்ளைக்குப் பிள்ள தங்காதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. ஊர்ப் பெரியவுக கேட்டா காட்டணும்."

"அப்படி எழுத முடியாது ஆத்தா. இந்தப் பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்ல."

"அஞ்சு வருசமாகப் போகுது. மாடு கன்னு போடலேன்னா மாத்தாம வச்சுக் கும்புடவா சொல்றீக?"

"மாட்ட மட்டும்தான் மாத்துவீங்களா? காளையப் பாக்க மாட்டீங்களா?" என்று என் வாய் முந்திக்கொண்டது. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ராக்கம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப கொறை எம் மகன்கிட்டங்கிறீகளா? வாயத் தொறந்து சொல்லுங்க. யாருகிட்ட கொறை?"

நான் ஓய்வு பெறும்வரை சந்தித்ததிலேயே கடினமான கேள்வி அதுதான். பதில் என் மேசை மேல் அந்த ஃபைலுக்குள் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் கதவோரம் நிற்கும் பெண் பிழைத்துப் போவாள். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை. நம்பி என்னிடம் உடம்பைக் காட்டியவனுடையது. கோபக்காரனான நான் அன்றைக்கு வாயைக் கட்டிப் போட்டது போல எந்த அறுவையிலும் என் கையைக் கட்டிப் போட்டதில்லை. "அதை நான் சொல்ல முடியாது ஆத்தா" என்றேன். சொல்லிவிட்டுச் செல்லப்பாண்டியைப் பார்த்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

கதவுத் திரைக்கு வெளியே காத்திருந்த நோயாளிகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன், "பேசாம வாக்கா, வேற டாக்டர்ட்ட வாங்கிக்கிருவோம்" என்று எழுந்தார். ஈஸ்வரியின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காருங்க மாமா." செல்லப்பாண்டி முன்னால் வந்தான். வெளியில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னான். "கொறை எங்கிட்டதேன். இவகிட்ட ஒண்ணும் இல்ல. நான் செஞ்சது குடலெறக்க ஆப்பரேசன் இல்ல, அதுக்குத்தேன் செஞ்சேன். ஒங்க மகளக் கட்டுனாலும் அவளுக்கும் இதே பேச்சுதேன் கெடைக்கும். பிள்ள வந்தா இவ வகுத்துல வரட்டும். வரலேன்னா நானும் இவளும் மட்டும் இருந்துக்கிறோம்."

ராக்கம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அவன் அன்னைக்கே ஒங்ககிட்ட வந்து வலிக்குதுன்னு சொன்னானே, மருந்துச் சீட்டுக்கூட எங்க வீட்டுலதேன் இருந்துச்சு. அன்னைக்கே ஏன் சொல்லல?"

அவன் நின்ற இடத்தில் நானும் நிற்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்தேன். "அன்னைக்கு நான் சரியா பாக்கல ஆத்தா. என் தப்பு."

"அப்ப இந்தப் பிள்ளைய நான் பேசுன பேச்செல்லாம் ஒங்களத்தேன் பேசிருக்கணும்!"

"பேசுங்க. இப்பப் பேசுங்க."

பேசினார். பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். எழுத்தில் போட முடியாத வார்த்தைகளும் அதில் உண்டு. டாக்டரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பேசி முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராக்கம்மாள் கதவோரம் போய் ஈஸ்வரியின் கையைப் பிடித்தார். "வா ஆத்தா, வெரசா வீட்டுக்குப் போவோம். ஒலையப் போடணும்" என்று அழைத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற வார்த்தை எல்லாம் அந்த அம்மாளுக்கு வராது. அந்த வெள்ளிக்கிழமை யாருக்கும் பூ வைக்கவில்லை.

ஆறாவது மாதப் பரிசோதனை முடிவை ஆய்வகத்திலிருந்து நானே போய் வாங்கினேன். எண்ணிக்கை நல்ல அளவுக்கு ஏறியிருந்தது, பாதிக்கு மேல் துறுதுறுவென்று நீந்தின. நான் தாளை ஆட்டிக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் ஓடியதைப் பார்த்த செவிலியர்கள், எனக்குத்தான் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த மூன்றாவது மாதம் ஈஸ்வரிக்கு நாள் தள்ளியது. டாக்டரம்மா என் அறைக்குள் வந்து, மேசையில் ஒரு லட்டை வைத்துவிட்டு, "இனிமே நிக்க வச்சுப் பாப்பீங்கள்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது. லட்டு அருமையாக இருந்தது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. அதே அறுவையைச் சரியாகச் செய்தும் குழந்தை வராத தம்பதிகளை அதற்குப் பிறகு பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு வேறு வழி சொல்லி மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் உறுதிமொழி கொடுக்காதீர்கள். ஆனால் புருஷனைப் பரிசோதிக்காமல் ஒரு பெண்ணுக்கு மூன்றாவது ஸ்கேன் எழுதுகிறவன் என் கண்ணில் பட்டால், ஓய்வு பெற்றவன் என்றும் பார்க்க மாட்டேன், வந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பெருமை. திரைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? செல்லப்பாண்டி சொன்னது மலை முழுக்கப் பரவிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை மருத்துவமனை வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். ஏழு பேரும் ஆண்கள். செல்லம்மா என்று கிண்டல் அடித்த ஆளும் அதில் இருந்தார். "பொண்டாட்டிகளக் கூட்டிட்டு வரல சார். மொதல்ல எங்களப் பாத்துச் சொல்லுங்க" என்றார் ஒருவர். எல்லோருக்கும் வேரிகோசீல் இருக்கவில்லை, இரண்டு பேருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஏலக்காய் மலையிலிருந்து ஏழு ஆண்கள் தாங்களாகவே இறங்கி வந்ததை நான் என் தொழிலில் பெரிய வெற்றியாக நினைக்கிறேன்.

ஈஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் தூக்கிக்கொண்டு வந்தாள். ராக்கம்மாள் வெளியே உட்கார்ந்து பேத்தியின் அருமை பெருமைகளை முன்பின் தெரியாதவர்களிடம் அளந்துகொண்டிருந்தார். குழந்தையை என் கையில் வாங்கிக்கொண்டு, "இப்பத்தாம்மா எனக்கு நிம்மதி. இவ வரலேன்னா உன் முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?" என்றேன்.

அவள் சிரித்தாள். "இவ பெறக்காட்டியும் நான் அவருகூட இருந்திருப்பேன் டாக்டர். அன்னைக்கு இந்த ரூம்புல அத்தன பேரு முன்னாடி அவரு அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தாத்தேன் இருந்திருக்க மாட்டேன்."